வாயை மூடி எழுதிய கட்டுரை

மலர்க்கொடிக்கு வாய் மூடியிருந்தால் கை ஓடாது. ஊரே இதைச் சொல்லும், அவளும் மறுக்க மாட்டாள். களை பறித்தாலும் பேச்சு, நாற்று நட்டாலும் பேச்சு, பாத்திரம் துலக்கும்போது பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் பாத்திரத்திடமே பேச்சு. அவள் கணவன் செல்லதுரை நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். “அந்த மெஷின் சத்தத்துல உக்காந்தாத்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி” என்று கூட்டாளிகளிடம் அளப்பான். அப்படி அளந்தவன்தான் வெளியூர் அறுப்புக்குப் போன இடத்திலிருந்து போன் போட்டு, “என்னத்தயாவது பேசு, கேட்டுக்கிட்டே படுக்குறேன்” என்பான்.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் இருக்கிறது அவர்கள் ஊர். செல்லதுரையின் அப்பா காலத்தில் அடுத்தவர் வயலில்தான் கால் நனைத்தார்கள். இப்போது சொந்தமாகவும் கொஞ்சம் இருக்கிறது, குத்தகைக்கும் கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது பாஸ் செய்த கையோடு மலர்க்கொடிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் எழுதியதெல்லாம் மகளிர் குழுக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதைத்தான். அதையும் எல்லாரையும்போல ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று முடிக்க அவளுக்கு வராது. யார் முறுக்கிக்கொண்டாள், யார் மூக்கைச் சிந்தினாள், யார் கடைசியில் டீ வந்ததும் சமாதானம் ஆனாள் என்று எழுதிவிடுவாள். வங்கியிலிருந்து வந்த அம்மாள் அதைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, “நீங்கல்லாம் மேல படிச்சிருக்கணும்ங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாள் அதோடு மறந்திருப்பார். மலர்க்கொடி மறக்கவில்லை.

மகன் தஞ்சாவூரில் பாலிடெக்னிக் சேர்ந்த வருஷமே அவளும் பஸ் போகும் வழியிலிருந்த ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தாள். அங்கே வயதைப் பார்க்கமாட்டார்கள், பீஸை மட்டும்தான் பார்ப்பார்கள். முப்பத்தெட்டு வயதில் பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியவளைப் பார்த்து ஊர் சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கேலி செய்தவர்களுக்கு அதன் பிறகு அதில் ருசி இல்லாமல் போய்விட்டது.

இரண்டாம் வருஷத்தில் எழுத்துப் பயிற்சி என்று ஒரு பாடம். எடுத்தவள் ரிஃப்கா, நாகூர்க்காரி, மலர்க்கொடியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். வகுப்பில் ‘மலர்க்கொடி’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, மணி அடித்ததும் வராந்தாவில் பிடித்து, “மன்னிச்சுக்குங்கக்கா” என்பாள். “பரவால்ல மிஸ், பேரு கூப்பிடத்தான வச்சாங்க” என்பாள் இவள். ரிஃப்கா அடிக்கடி ஒரு தலைப்பு கொடுப்பாள். வீட்டில் எழுதி எடுத்துவர வேண்டும்.

மலர்க்கொடி எழுதும் விதம் கொஞ்சம் அலாதியானது. சம்பா அறுப்பு முடிந்த வயலில் உளுந்து நிற்கும் காலம் அது. உளுந்துச் செடியைப் பனி ஈரத்தோடு விடியற்காலையிலேயே பிடுங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த நெற்று வெடித்து மணி மண்ணுக்குப் போய்விடும். அதனால் கல்லூரி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு வேலை முடிந்துவிடும். அந்த வரிசையில் குனிந்து பிடுங்கிக்கொண்டே, எழுதப்போகும் கட்டுரையை வாயால் சொல்லிக்கொண்டு போவாள். பக்கத்து வரிசையில் அம்சம் அக்கா. வேலைக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. வாய் என்றால் அப்படியொரு வாய். “அது பொய்டி, அப்படி நடக்கல” என்பாள். “இத முன்னாலயே சொல்லிட்டியே, எத்தன வாட்டி சொல்லுவ?” என்பாள். அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: “ஒன்னப் பத்தி நீயே உருகாத. மத்தவங்களச் சொல்லு, கேக்குறோம்.” மற்ற பெண்களும் ஆளுக்கொன்று போடுவார்கள். வரிசை முடியும்போது கட்டுரையும் முடிந்திருக்கும். சாயங்காலம் அதை முணுமுணுத்துக்கொண்டே தாளில் இறக்கிவிடுவாள். ரிஃப்கா அதைப் படித்துவிட்டு, அடுத்த நாள் முகமெல்லாம் சிரிப்பாக வருவாள்.

பங்குனி பிறக்கும் சமயத்தில் துறைத்தலைவர் மதிவாணன் வகுப்புக்கு வந்தார். கையில் ஒரு கட்டுக் கட்டுரைகள். நல்ல மனிதர்தான், ஆனால் கோபம் வந்தால் மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். அன்று மிகவும் மெதுவாகப் பேசினார்.

“பரிதி, எழுந்திருப்பா. ‘எங்கள் ஊர் மார்கழி’ நீ எழுதுனதுதான?”

“ஆமா சார்.”

“‘பனி போர்த்திய கூரைகளின் புகைபோக்கிகளில் இருந்து’ன்னு வருது. ஒங்க ஊரு எது?”

“பூதலூர் பக்கம் சார்.”

“பூதலூர்ல எந்த வீட்டுலப்பா புகைபோக்கி இருக்கு?”

பரிதி கொஞ்சம் யோசித்தான். “செங்கல் சூளையில இருக்கு சார்.”

வகுப்பு சிரிப்பில் இடிந்து விழுந்தது. மதிவாணனுக்கே உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார். பாதி வகுப்பு போனிடம் தலைப்பைச் சொல்லி, அது எழுதிக் கொடுத்ததை அப்படியே இறக்கியிருந்தது. அதனால் இந்த வருஷம் கடைசிக் கட்டுரையை எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்றார். மூன்று மணி நேரம், போன் வெளியே, பேச்சுக் கூடாது. அதில் தேறாதவர்களுக்கு முன்னால் வாங்கிய மார்க்கு செல்லாது.

ஓரமாக நின்ற ரிஃப்கா பணிவாகத்தான் ஆரம்பித்தாள். “சார், மூணு மணி நேரத்துல வேகுற சோறும் இருக்கு. ராத்திரி பூரா புளிக்கிற மாவும் இருக்கு. எழுத்து மாவு மாதிரி சார். அடிச்சு எழுதி, திருப்பி எழுதித்தான் வரும். பூட்டி வச்சு எழுதச் சொன்னா பயம்தான் எழுதும்.”

“நான் ஒத்துக்குறேம்மா. ஆனா அடுப்பங்கரையில யாரு நின்னாங்கன்னே தெரியாம, இலையில விழுந்தத மட்டும் பாத்து எப்படி மார்க் போடுறது?”

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மதிவாணன் கட்டிலிருந்து இன்னொரு தாளை உருவினார்.

“இது உளுந்து பிடுங்குறதப் பத்தி. இதுல ஒரு புகைபோக்கியும் இல்ல. ரொம்ப நல்லா இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு. ஏம்மா மலர்க்கொடி, இது நீங்களே எழுதுனதுதானா?”

‘ஆமாம்’ என்று ஒரு சொல் போதும். ஒரு சொல்லோடு நிறுத்திப் பழக்கப்பட்டவள் இல்லையே அவள். “முழுசா நான்தான்னு சொல்லிட முடியாதுங்க சார்” என்று தொடங்கினாள். “அம்சம் அக்கான்னு இருக்காங்க. பாதி அவங்கதான். அப்புறம் நாலஞ்சு பேரு…” என்று எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லி முடித்தாள். ரிஃப்கா கண்ணை மூடிக்கொண்டாள். வேலியில் போன ஓணானை வேட்டியில் விட்டுக்கொண்டது மலர்க்கொடிக்கு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

“சரி. கூடத்துல எழுதுங்க, பாப்போம்” என்றார் மதிவாணன்.

மார்க்கு போனால் போகிறது என்று அவள் விட்டுவிடுவாள். அவளை அரித்தது வேறு. இத்தனை நாள் ‘நான் எழுதுகிறேன், எனக்கு எழுத வருகிறது’ என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அது உண்மையா? அல்லது அம்சம் பேசுகிறாள், நாம் தாளில் இறக்குகிறோம், அவ்வளவுதானா? சார் கேட்ட கேள்வியை அவள் தன்னையே கேட்டுக்கொண்டு அலைந்தாள், பதில் கிடைக்கவில்லை.

வாயை மூடி எழுதிப் பழகுவது என்று முடிவு செய்தாள். பேசாமல் இருக்க வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு தாளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கிராம்பு ஊறி நைந்ததே தவிர ஒரு வரி வரவில்லை. செல்லதுரை மூன்று தடவை எட்டிப்பார்த்தான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். “ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா? ஆஸ்பத்திரிக்குப் போவமா? இல்ல, நான் எதாவது தப்புப் பண்ணிட்டனா?” என்று கேட்டவன், பதில் வராமல் போகவே, செய்ததாக ஞாபகமிருந்த இரண்டு தப்புகளைத் தானாகவே ஒத்துக்கொண்டான். அதில் ஒன்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வயலிலும் வாயை மூடிக்கொண்டு குனிந்தாள். பெண்களுக்கு வேலையே ஓடவில்லை. யாரோ அவளை ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று வரிசைக்குள் ஒரு சண்டை மூளப் பார்த்தது. அம்சம் இடுப்பை நிமிர்த்தி, “என்னடி, யார் மேல கோவம்?” என்றாள். மலர்க்கொடி எல்லாவற்றையும் கொட்டினாள்.

அம்சம் ஆறுதல் சொல்லும் ரகம் இல்லை. “பாதி நான்தான்னு சார்ட்டயே சொல்லிட்டியா? பரவால்லயே, உண்மையச் சொல்லிருக்க” என்று மற்றவர்களைப் பெருமையாகப் பார்த்தாள். “அப்ப காலேஜுல கடைசி நாளு என்னிக்கு?”

“வர்ற வெள்ளிக்கெழம. ஏங்க்கா?”

“கடைசி நாள்னா சோறு உண்டுல்ல?”

அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம். எந்த வயலாக இருந்தாலும் வேலை முடிகிற நாளில் வயல்காரர் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களுக்குச் சோறு வரவேண்டும். வராவிட்டால் பெண்கள் சண்டை போட மாட்டார்கள். தாங்களே பொங்கி எடுத்துக்கொண்டு போய், வயல்காரர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, அவருக்கும் ஒரு இலை போட்டுச் சாப்பிட்டு மானத்தை வாங்கிவிட்டு வருவார்கள். ஒரு தடவை அப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட வீடு ஜென்மத்துக்கும் மறக்காது.

“அது காலேஜு அக்கா. அங்க அதெல்லாம் கெடயாது” என்றாள் மலர்க்கொடி. அம்சம் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று மலர்க்கொடி யோசித்திருக்க வேண்டும். பரீட்சைக் கவலையில் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் பெஞ்சுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ரிஃப்கா கரும்பலகையில் தலைப்பை எழுதினாள்: ‘இந்த அறை’. போனுக்குத் தெரியாத தலைப்பாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாள் என்று பரிதி முனகினான். மதிவாணன் ஒரு பார்வை பார்த்தார், கூடம் அடங்கியது.

மலர்க்கொடி தாளை நேராக வைத்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள். ‘இந்த அறை பெரியது’ என்று எழுதினாள். அடித்தாள். அவளை அறியாமல் உதடு அசைந்து சத்தம் வந்துவிட, மதிவாணன் “ம்” என்றார். சுற்றிலும் பார்த்தாள். பரிதி மின்விசிறிக்கு மனு கொடுப்பவன்போல அண்ணாந்திருந்தான். முன் பெஞ்சுப் பெண் தன் நகத்தையெல்லாம் முடித்துவிட்டுப் பேனா மூடிக்கு வந்திருந்தாள். மதிவாணன் சாரின் செருப்பு, நடக்கும்போது ஒரு காலில் மட்டும் கீச்சென்றது. அவருக்கு அது தெரிந்திருந்தது. அதனால் அந்தக் காலை மட்டும் பூனைபோல வைத்து நடந்தார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதை இப்போதே யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். பேசக்கூடாது. சரி, தாளில் சொல்லிவிடுவோம் என்று, ‘அக்கா, இங்கே ஒரு சார் ஒற்றைக் காலால் திருடன்போல நடக்கிறார்’ என்று எழுதினாள்.

அப்புறம் கை நிற்கவில்லை. பரிதி வந்தான், நகம் கடிக்கிற பெண் வந்தாள், அவள் கடித்த மூடி வந்தது. தாள் கேட்டு இரண்டு தடவை கை தூக்கினாள். எழுதும்போதே எங்கே அம்சம் ‘நீட்டாத’ என்பாள் என்று தெரிந்தது, அங்கே அடித்தாள். ‘பொய்டி’ என்பாள் என்று தெரிந்த இடத்தில் உண்மையை வைத்தாள். வாய் ஒட்டிப்போயிருந்தது. அது அவளுக்கு நினைவே இல்லை.

முடியப் போகிற சமயத்தில், தானாகவே ஒரு வரி வந்து விழுந்தது: ‘இத்தனை நேரமாக என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இப்படி ஒரு காலைப்பொழுது இருந்ததில்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன்.’ எழுதியதைத் திரும்பப் படித்தாள். தன்னைப் பற்றித் தானே உருகியிருக்கிறாள். அம்சம் முதலில் இதைத்தான் வெட்டச் சொல்வாள். பேனாவை அதன் மேல் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். வெட்டவில்லை.

மணி அடித்து வெளியே வந்தால், கல்லூரி வாசலில் ஒரு குட்டி யானை வண்டி. அதிலிருந்து அம்சமும் பெண்களும் அண்டா இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் தடுத்துப் பார்த்துத் தோற்று, இப்போது கரண்டி பிடித்திருந்தார்.

மதிவாணன் விரைந்து வந்தார். அவசரத்தில் செருப்பு தாராளமாகக் கீச்சிட்டது. “என்னம்மா இது? யாரக் கேட்டு உள்ள வந்தீங்க?”

“கும்பிடுறேங்க சார். நான்தான் அம்சம். பாதிக் கட்டுரை” என்றாள் அம்சம். “கடைசி நாளாச்சே, புள்ளைங்களுக்குச் சோறு போட மாட்டீங்களாமே. அதான் நாங்க கொண்டாந்துட்டோம். ஒங்களுக்கும் எலை இருக்கு. உக்காருங்க.”

அவருக்குத் திருவாரூர்ப் பக்கம் சொந்த ஊர், அங்கேயும் இந்த வழக்கம் உண்டு. அந்த இலைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. காது சிவக்க வராந்தாவில் போய் உட்கார்ந்தார். புளிச்சோறும் புது உளுந்தில் சுட்ட வடையும் வந்தன. ரிஃப்கா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பை வடையோடு சேர்த்து மென்றாள். வகுப்பு முழுவதும் வரிசையாக உட்கார்ந்தது. பரிதி மூன்றாவது வடைக்குக் கை நீட்டி, “அக்கா, வருஷத்துக்கு ரெண்டு தடவ இப்படி வச்சா என்ன?” என்றான்.

“சரி, என்ன எழுதுன? படி” என்றாள் அம்சம்.

மலர்க்கொடி மதிவாணனைப் பார்த்தாள். அவர் விடைத்தாள் கட்டைப் பிரித்து அவளுடையதை எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் கேட்க வேண்டியிருந்தது.

படித்தாள். ஒற்றைக் கால் திருடன் வந்த இடத்தில் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு சாரைப் பார்த்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு யாருக்கும் அடக்கம் இல்லை. பரிதி தன் பங்கு வந்ததும் எழுந்து கும்பிட்டான். அம்சம் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். கடைசியில் அந்த இடம் வந்தது. மலர்க்கொடியின் குரல் கொஞ்சம் இறங்கியது. படித்து முடித்தாள்.

“எல்லாம் நல்லாருக்கு” என்றாள் அம்சம். “அந்தக் கடைசிய வெட்டிடு.”

“இல்லக்கா.”

“என்னடி இல்ல? எங்கள வுட்டுட்டு வந்து உக்காந்ததுதான் ஒனக்குச் சந்தோஷமா? ஊரு கேட்டா என்ன நெனக்கும்? வெட்டு.”

“வெட்ட மாட்டேங்க்கா” என்றாள் மலர்க்கொடி. “மத்ததெல்லாம் ஒங்கள நெனச்சுத்தான் அடிச்சேன். இது நான் எழுதுனது. இருக்கட்டும்.”

மதிவாணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து தாளுக்குக் கை நீட்டினார். கடைசிப் பக்கத்தைத் தானே ஒரு தடவை படித்தார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

“எனக்கு வேற அத்தாட்சி வேணாம்மா” என்றார். ரிஃப்காவைத் திரும்பிப் பார்த்து, “கூடத்துல எழுதுறது அடுத்த வருஷமும் உண்டு” என்றார்.

“உண்டு சார்” என்றாள் ரிஃப்கா. “வீட்டுல எழுதியிருந்தா அந்த வரி வந்தே இருக்காது, நான் ஒத்துக்குறேன். ஆனா வருஷம் பூரா வயல்ல பேசிப் பேசி எழுதலன்னா இன்னிக்கி எந்த வரியும் வந்திருக்காது. வீட்டுல எழுதுன அந்தக் கட்டுரைங்க மார்க்கையும் நீங்க சேத்துக்கணும்.”

அவர் சேர்த்துக்கொண்டார். மலர்க்கொடிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அம்சத்தைத் தேடினாள். அம்சம் அண்டாவுக்குப் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவள் போய் ஒட்டி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் அது புதிது.

கடைசியில் அம்சம்தான் கேட்டாள். “ஏண்டி, நெசமாவே யாரும் கூப்பிடலயா?”

“யாருமே கூப்பிடலக்கா.”

“தண்ணி கேட்டு? சாவியக் காணும்னு?”

“ஒருத்தரும் இல்ல.”

அம்சம் திறந்திருந்த கூடத்தைப் பார்த்தாள். காலியான பெஞ்சுகளுக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மதிவாணன் சாரிடம் போனாள்.

“சார், நான் ஒண்ணும் எழுத மாட்டேன். சும்மா கொஞ்ச நேரம் அங்க போயி உக்காந்துட்டு வரலாங்களா?”